ஒரே காற்று, இரண்டு எண்கள்: இந்தியாவின் காற்றுத் தரநிலைகளைப் புரிந்துகொள்ள

ஒரு செயலி நகரத்தின் காற்றைத் "திருப்திகரம்" என்று இளம்பச்சையில் காட்டுகிறது. அதே மணிநேரத்தில் வேறொரு செயலி "உடல்நலத்துக்குக் கேடு" என்று சிவப்பில் காட்டுகிறது. இரண்டில் ஒன்று பொய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. ஒரே கருவியிலிருந்து வந்த ஒரே அளவை இரண்டு நாடுகளின் அளவுகோலில் வைத்துப் பார்த்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும்.

அளவுகோலை யார் வகுக்கிறார்கள், அதை எட்டுவதற்கு என்ன திட்டம் இருக்கிறது, எட்டாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று மூன்று கேள்விகள் இதில் இருக்கின்றன. செய்திகளில் இவை மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

தரநிலையில் இரண்டு வகை

புகை வெளியேறும் வாயில் அளக்கப்படுவது உமிழ்வுத் தரநிலை. லாரியின் புகைக்குழாய், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, செங்கல் சூளை எல்லாம் இதில் வரும். நாம் மூச்சாக இழுக்கும் காற்றில் அளக்கப்படுவது வெளிக்காற்றுத் தரநிலை.

இந்த வேறுபாடு சட்டத்தில் பெரிய விளைவை உண்டாக்குகிறது. உமிழ்வு வரம்பை ஒரு ஆலை மீறினால் மீறியது யார் என்று தெரியும், நோட்டீஸ் அனுப்பலாம், மூடச் சொல்லலாம். வெளிக்காற்று வரம்பு மீறப்பட்டால் அதற்குப் பொறுப்பு யார்? தெருவில் மிதக்கும் துகளில் பேருந்தின் பங்கும் இருக்கும், அடுப்பின் பங்கும் இருக்கும், பக்கத்து மாநிலத்து வயலின் பங்கும் இருக்கும். இந்தியாவின் காற்றுக் கொள்கையில் இருக்கும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இந்த வரம்புகளுக்கு அடிப்படை 1981-ஆம் ஆண்டின் காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம். வெளிக்காற்றுத் தரநிலையை வகுக்கும் அதிகாரத்தை அது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தது. முதல் தரநிலை 1982-இல் வந்தது, 1994-இல் திருத்தப்பட்டது, 2009 நவம்பரில் இப்போதுள்ள வடிவத்தை எடுத்தது. இன்று செய்தியில் "தேசியத் தரநிலை" என்று வருவதெல்லாம் அந்த 2009 அறிவிக்கைதான்.

2009 அறிவிக்கை என்ன சொல்கிறது

அது 12 மாசுகளுக்கு வரம்பு வைக்கிறது: பிஎம் 10, பிஎம் 2.5 எனும் இரு வகைத் துகள்கள், கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, ஓசோன், கார்பன் மோனாக்ஸைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஈயம், ஆர்செனிக், நிக்கல்.

அன்றாடச் செய்திக்கு இவற்றில் துகள்கள் இரண்டும்தான் முக்கியம். 10 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள துகள்கள் பிஎம் 10. சாலைப் புழுதி, கட்டடத் தூசி போன்றவை இதில் பெரும்பங்கு. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். எரிப்பதால் வரும் புகையும், காற்றிலேயே வாயுக்கள் வினைபுரிந்து உருவாகும் துகள்களும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். நுரையீரலின் அடியாழம்வரை போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கக்கூடியது இதுவே. பிஎம் 2.5-உம் பிஎம் 10-க்குள் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. இது பின்னால் தேவைப்படும்.

வரம்புகள், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில்:

1. பிஎம் 2.5: ஆண்டுச் சராசரி 40, 24 மணிநேரச் சராசரி 60.
2. பிஎம் 10: ஆண்டுச் சராசரி 60, 24 மணிநேரச் சராசரி 100.
3. கந்தக டை ஆக்ஸைடு: ஆண்டுக்கு 50, 24 மணிநேரத்துக்கு 80.
4. நைட்ரஜன் டை ஆக்ஸைடு: ஆண்டுக்கு 40, 24 மணிநேரத்துக்கு 80.

ஒரே மாசுக்கு இரண்டு வரம்பு எதற்கு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நகரத்தில் ஆண்டின் ஒன்பது மாதங்கள் பிஎம் 2.5 அளவு 25-ஆக இருக்கிறது. குளிர்கால மூன்று மாதங்கள் 85-ஆக ஏறுகிறது. ஆண்டுச் சராசரி எவ்வளவு? சரியாக 40. அதாவது ஆண்டு வரம்புக்குள் அந்த நகரம் தேறிவிடும். அந்த மூன்று மாதமும் மக்கள் தினசரி வரம்பைத் தாண்டிய காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள் என்பது அந்தச் சராசரியில் தெரியவே தெரியாது. தினசரி வரம்பு தனியாக இருப்பது அதற்காகத்தான். மறுபக்கம், எந்த நாளிலும் 60-ஐத் தொடாமல் ஆண்டு முழுவதும் 55-இலேயே நிற்கும் நகரம் தினசரி வரம்பில் தேறி, ஆண்டு வரம்பில் தோற்கும். மெல்ல மெல்ல உடலில் சேரும் பாதிப்புக்கு இந்த இரண்டாவது நகரமும் ஆபத்தானதே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தினசரி வரம்பு ஆண்டில் 98 விழுக்காடு நேரம் கடைப்பிடிக்கப்பட்டால் போதும். மீதி 2 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஏழு நாள், மீறலாம். ஆனால் அடுத்தடுத்த இரு அளவீட்டு நாள்களில் மீறக்கூடாது. ஆகவே தீபாவளி அன்று ஒரு நாள் எண் எகிறியதை வைத்து மட்டும் ஒரு நகரம் தரநிலையில் தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அன்று நம் நுரையீரலுக்குள் என்ன போனது என்பது வேறு விஷயம்.

ஆண்டுச் சராசரி கணக்கிட ஓர் இடத்தில் வாரம் இரண்டு முறை என்று குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். ஆட்கள் நேரில் போய் வடிதாளை மாற்றி எடை போடும் கைமுறை நிலையங்களுக்காக எழுதப்பட்ட விதி இது. இன்று மணிக்கு மணி தரவு தரும் தானியங்கி நிலையங்கள் 500-க்கும் மேல் இருக்கின்றன. ஆனாலும் அவை பெரும்பாலும் நகரங்களில்தான். கிராமத்துக் காற்று இந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 5, இந்தியா 40

2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டு அளவுகளைக் கடுமையாக்கியது. பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி 10 என்று இருந்ததை 5 ஆக்கியது, 24 மணிநேர அளவை 25-இலிருந்து 15-க்குக் குறைத்தது. இந்தியாவின் 40-உடன் ஒப்பிட்டால் எட்டு மடங்கு இடைவெளி.

"அது வழிகாட்டுதல்தான், எங்களைக் கட்டுப்படுத்தாது, ஒவ்வொரு நாடும் தன் சூழலுக்கும் வசதிக்கும் ஏற்பத் தரநிலை வகுத்துக்கொள்ளலாம்" என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. சட்டப்படி இது சரி. அந்த நிறுவனமே 35, 25, 15, 10 என்று இடைக்கால இலக்குகளையும் படிப்படியாக வைத்திருக்கிறது. இந்தியாவின் 40 அந்த முதல் படியையும் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளைப் பார்த்தால், அமெரிக்கா 2024 பிப்ரவரியில் ஆண்டு வரம்பை 12-இலிருந்து 9 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 25 என்று இருந்ததை 2030-க்குள் 10 ஆக்க அதே ஆண்டில் சட்டம் செய்தது. சீனாவின் 2012 தரநிலை 35. எண்களைவிட முக்கியமானது அவை திருத்தப்படும் முறை. அமெரிக்கச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரநிலையை மறு ஆய்வு செய்யச் சொல்கிறது. மக்கள் நலம் கருதி வரம்பு வகுக்கும்போது செலவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டத்தில் இப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை. 2009-க்குப் பிறகு மருத்துவ ஆய்வுகள் மலையளவு குவிந்தும் எண்கள் அப்படியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயலிகள் ஏன் முரண்படுகின்றன

காற்றுத் தரக் குறியீடு என்பது தரநிலை அல்ல. பல மாசுகளின் அளவை மக்களுக்குப் புரியும் ஒரே எண்ணாக மாற்றித் தரும் கருவி அது. இந்தியா 2015-இல் இதை நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் விதம் இப்படி:

1. எட்டு மாசுகள் வரை கணக்கில் எடுக்கப்படும். குறைந்தது மூன்றின் தரவு வேண்டும். அவற்றில் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 ஆக இருக்க வேண்டும்.
2. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 500 வரை தனி மதிப்பு கணக்கிடப்படும்.
3. அவற்றில் எது அதிகமோ அதுவே அன்றைய குறியீடு. சராசரி எடுப்பதில்லை.

50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. 100 என்ற கோடு தேசியத் தரநிலையோடு பொருந்தும்படி வைக்கப்பட்டிருக்கிறது. எனவே பிஎம் 2.5 அளவு 60 என்றால் இந்தியக் குறியீட்டில் 100, "திருப்திகரம்". அதே 60-ஐ அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150-ஐத் தாண்டி "உடல்நலத்துக்குக் கேடு" என்று வரும். முதல் பத்தியில் சொன்ன முரண்பாடு இதுதான். அதோடு இந்தியக் குறியீடு 24 மணிநேரச் சராசரியைப் பயன்படுத்துகிறது. சில தனியார் செயலிகள் அந்த மணிநேரத்து அளவையே மாற்றிக் காட்டுகின்றன. போகி அன்று அதிகாலை இரண்டும் வெகுதூரம் விலகி நிற்பதற்கு இது போதும். இந்தியக் குறியீடு 500-உடன் நின்றுவிடும் என்பதால், டெல்லியில் 900, 1,000 என்று வரும் எண்கள் வாரியத்தின் அளவுகோலில் இருந்து வந்தவை அல்ல.

தேசிய தூய காற்றுத் திட்டம்

வரம்பு 1982-லிருந்தே இருக்கிறது. அதை எட்டுவதற்கென நாடு தழுவிய திட்டம் வந்தது 2019 ஜனவரியில்தான். 2011 முதல் 2015 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து தரநிலையை எட்டாத நகரங்கள் என்ற அடிப்படையில் முதலில் 102 நகரங்கள் பட்டியலில் வந்தன, பிறகு எண்ணிக்கை 130 அளவுக்கு உயர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் தூத்துக்குடி மட்டும் இருந்தது; அப்புறம் திருச்சி, மதுரை, சென்னை சேர்ந்தன.

2017-ஐ அடிப்படையாக வைத்து 2024-க்குள் துகள் மாசை 20 முதல் 30 விழுக்காடு குறைப்பது முதல் இலக்கு. அது பின்னர் 2025-26-க்குள் பிஎம் 10 அளவை 40 விழுக்காடு வரை குறைப்பது, அல்லது தேசியத் தரநிலையான 60-ஐ எட்டுவது என்று மாற்றப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 42 நகர்ப்பகுதிகளுக்கு 15-ஆவது நிதிக்குழு, முன்னேற்றத்தைப் பொறுத்து மானியம் என்ற ஏற்பாட்டைச் செய்தது. காற்றின் தரத்தை நிதியோடு கட்டிப்போட்டது இந்தியாவுக்குப் புதிது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

2023-24-இல் 130 நகரங்களில் 97-இல் பிஎம் 10 அளவு 2017-18-ஐவிடக் குறைந்திருப்பதாகவும், 55 நகரங்களில் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதாகவும் அரசு தெரிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் எது குறைந்தது என்று கேட்க வேண்டும். இலக்கில் இருப்பது பிஎம் 10 மட்டும்.

எதை அளக்கிறோமோ, அதற்கே பணம்

பிஎம் 10-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. 2017-இல் பெரும்பாலான நகரங்களில் அதை அளக்கத்தான் கருவி இருந்தது, பிஎம் 2.5-க்கு ஒப்பிடுவதற்கு அடிப்படைத் தரவே இல்லை. சரி, ஆனால் விளைவு என்ன?

ஒரு மாநகராட்சி ஆணையரின் இடத்திலிருந்து பார்த்தால் புரியும். பிஎம் 10 குறைந்தால் மானியம். எடையில் கனமான தூசியைக் குறைத்தால், அதற்குள் அடங்கிய பிஎம் 2.5 குறையாவிட்டாலும், பிஎம் 10 சீக்கிரம் இறங்கும். சாலை கூட்டும் இயந்திரம் வாங்குவது, தண்ணீர் தெளிப்பது, சாலையோரம் கல் பதிப்பது எல்லாம் மாநகராட்சியின் கையில் இருக்கும் வேலை. பேருந்துகளும் அனல்மின் நிலையங்களும் பெரும்பாலும் அதன் அதிகாரத்துக்கு வெளியே. அப்படியானால் பணம் எங்கே போகும்?

அங்கேதான் போனது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்கிட்டபோது, செலவான நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே போயிருந்தது. வாகனப் புகைக்கு 13 விழுக்காட்டுக்கும் குறைவு, தொழிற்சாலை மாசுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. உயிரைக் குடிக்கும் பிஎம் 2.5 பெரும்பாலும் எரிப்பதிலிருந்து வருகிறது. பணமோ துடைப்பத்துக்குப் போகிறது. ஆணையர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அளவுகோல் அப்படி.

மானியக் கணக்கில் "நல்ல நாள்" என்று எண்ணப்படுவதும் கவனிக்க வேண்டியது. குறியீடு 200-க்குக் கீழ் இருந்தால் அது நல்ல நாள். 200 என்றால் பிஎம் 2.5 அளவு 90. அதாவது நாட்டின் சொந்தத் தினசரி வரம்பான 60-ஐ ஒன்றரை மடங்கு தாண்டிய நாளும் நல்ல நாளாகவே எண்ணப்படும்.

இன்னொரு குறை, திட்டத்தின் எல்லை நகரத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. கங்கைச் சமவெளியில் குளிர்காலத்தில் காற்று அசையாமல் தரையோடு தேங்கும்போது, மாநில எல்லை என்பது வரைபடத்தில் மட்டும்தான். இதை ஏற்றுக்கொண்டு டெல்லி, ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றுக்கு மேல் அதிகாரமுள்ள காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2021-இல் சட்டமானது. நாட்டின் வேறெந்தப் பகுதிக்கும் அப்படி ஓர் அமைப்பு கிடையாது.

பலன் தந்த வழி

தெருவில் நிற்காமல் புகை வாயிலில் போய் நின்ற நடவடிக்கைகள்தான் அதிகம் பலன் தந்தன என்பது என் கணிப்பு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வாகனங்களுக்கான பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்) உமிழ்வுத் தரநிலை வந்தது. பிஎஸ்-5 என்ற படியையே தாண்டிக் குதித்தார்கள். எரிபொருளிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்கானது. பழைய பிஎஸ்-4 வண்டிகளை அந்தத் தேதிக்குப் பின் விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டதால் நழுவ வழியில்லாமல் போனது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா எரிவாயுத் திட்டம் காற்றுத் திட்டம் என்ற பெயரில் வரவில்லை. ஆனாலும் விறகடுப்புப் புகை இந்தியாவின் பிஎம் 2.5-க்குப் பெரிய காரணங்களில் ஒன்று என்பதால், அதை அந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டும். இணைப்பு வாங்கிய வீடு மறு சிலிண்டர் வாங்குகிறதா என்பது தனிக் கேள்வி.

சீனா இதையே பெரிய அளவில் செய்தது. 2013-இல் அந்த அரசு பெய்ஜிங்குக்கு பிஎம் 2.5 இலக்கை நேரடியாக வைத்தது: 2017-க்குள் 60 அளவுக்கு வர வேண்டும். 90-ஐ ஒட்டியிருந்த அளவு அந்த ஆண்டில் 58-க்கு இறங்கியது. நிலக்கரிக் கொதிகலன்களை மூடியது அதில் பெரும்பங்கு. அங்கே இலக்கைத் தவறவிட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வே கேள்விக்குறி. இந்தியாவில் தூய காற்றுத் திட்டம் சட்டம் அல்ல. இலக்கைத் தவறவிடும் நகரத்துக்கு மானியம் குறையலாம், அவ்வளவுதான். காற்றுச் சட்டத்திலிருந்த பல சிறைத் தண்டனைகளும் 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறிவிட்டன.

கந்தகம்: இரு தரநிலைகளும் மோதிய இடம்

2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்ஸைடு உமிழ்வு வரம்பு முதன்முறையாக வந்தது. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்த இரண்டாண்டு அவகாசம். அது 2022-க்குத் தள்ளிப்போனது, பிறகு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை நாட்டின் அனல்மின் அலகுகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றுக்கு, புகைபோக்கி உயர விதியை மட்டும் வைத்து, அந்த வரம்பிலிருந்து விலக்கு அளித்தது.

அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்: வெளிக்காற்றில் கந்தக டை ஆக்ஸைடு பெரும்பாலான இடங்களில் தேசிய வரம்பான 80-க்கு வெகு கீழே இருக்கிறது, இந்திய நிலக்கரியிலும் கந்தகம் குறைவு. வாதத்தின் முதல் பாதி உண்மையே. ஆனால் அந்த வாயு அப்படியே இருப்பதில்லை. காற்றில் பயணிக்கும்போதே அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் துகளாக மாறுகிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பிஎம் 2.5 கணக்கில் போய் விழுகிறது. வாயுவாக அளக்கும்போது எல்லாம் வரம்புக்குள் இருக்கும். துகளாக மாறிய பின் வேறொரு நகரத்தின் தோல்வியாகப் பதிவாகும். உயரமான புகைபோக்கி பக்கத்து ஊரைக் காப்பாற்றும், கந்தகத்தை ஒரு கிராம்கூடக் குறைக்காது.

விலக்கு எல்லோருக்கும் இல்லை. தலைநகர்ப் பகுதியிலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2027 இறுதிக்குள் வரம்பை எட்டியாக வேண்டும். மிகவும் மாசடைந்த பகுதிகளுக்கும், தரநிலையை எட்டாத நகரங்களுக்கும் அதே 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை இரண்டாவது பிரிவு. கருவி வேண்டுமா வேண்டாமா என்பதை வல்லுநர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். தூத்துக்குடியைப் போல, தூய காற்றுத் திட்டப் பட்டியலிலும் இருந்து அனல்மின் நிலையத்தையும் அருகில் வைத்திருக்கும் நகரங்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பிரிவின் முடிவுகளைத்தான்.